எண் எட்டு

படம் உள்ளங்கை அளவு.
ஓரத்தில் தேநீர்க் கறை. பின்புறம் பென்சிலில்
'ஈஸ்டர். காற்று அதிகம்.'
வருடம் எழுதத் தோன்றவில்லை எழுதியவருக்கு.
அன்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும், எந்த வருடமென்று.

ஈர மணலில் ஒரு பந்தய வண்டி.
வண்டி என்பதே பாதி மரியாதைக்கு:
ஆஸ்டினின் அடிச்சட்டம்,
டிராக்டரிலிருந்து பிடுங்கிய ரேடியேட்டர்,
வாலுக்குப் பால்பண்ணைத் தொட்டியின் தகரம்
(ரிவெட்டுகளை எண்ணினேன்; பன்னிரண்டு இருக்க வேண்டிய வரிசையில்
ஒன்று விட்டுப்போயிருந்தது).
மூக்கில் வெள்ளைப் பெயிண்டில் எட்டு,
கை நடுங்காத ஒருவர் போட்டது.

எட்டு. ஆனால் எட்டவில்லை.
மூன்று குளிர்காலம்.

இன்வர்கார்கிலில் என் சமையலறை மேசை,
டிமாருவில் ஆவ்ரில் ஸ்டோபி,
கோரில் லிண்ட்சே ஹாகர்ட்.
வெறும் சக்கர மூடியைப் பார்த்தே
அப்பன் பெயர் சொல்லுவான் லிண்ட்சே.
இந்த ஒன்றுக்குக் கையை விரித்துவிட்டான்.

புகைக்குழாய் இடப்பக்கம் போகிறது,
அதுதான் சிக்கல். தெற்குத் தீவில்
தன் கொட்டகையில் தானே வண்டி கட்டிய
நூற்றுச் சொச்சம் பேரில்
இந்த எஞ்சினுக்கு இடப்பக்கம் குழாய் வைத்தவர் எவருமில்லை.
வைக்கவும் முடியாது, என்றான்,
சிலிண்டர் ஹெட்டைத் திருப்பிப் போட்டாலொழிய.

ஆகவே, திருப்பிப் போட்ட ஒருவரை உண்டாக்கினோம்.
வேண்டுமென்று இல்லை. கடிதம் கடிதமாக
அவர் தானே வளர்ந்தார்.
ஆட்டுரோமம் கத்தரிக்கும் எந்திரம் பழுதுபார்ப்பவர் என்றேன் நான்.
இடக்கைக்காரர் என்றான் லிண்ட்சே:
பார், கைக்கடிகாரம் வலக்கையில்.
ரெட்பாத்தின் அண்டைவீட்டுக்காரர் என்றாள் ஆவ்ரில்;
ரெட்பாத் வண்டியின் வாலும் பால்தொட்டிதானே,
அதிலும் ஒரு ரிவெட் குறையுமே, ஆனால் மறுபக்கம்.
ஒரே தொட்டியைப் பங்கு போட்டிருப்பார்கள்.
எடை நானூறு கிலோ என்று
முதலில் பென்சிலால் குறித்தேன், பிறகு மையால்.
கடைசியில் ஆற்றில் விழுந்து சாகட்டும் என்றான் லிண்ட்சே,
வண்டி கிடைக்காததற்கு ஒரு காரணம் ஆச்சு.
நான் சம்மதிக்கவில்லை.
வடக்கே குடிபோனார் என்று வைத்துக்கொண்டோம்.

ஜூலையில், மழை ஓயாத ஒரு செவ்வாய்,
ஆவ்ரில் தொலைபேசியில் கூப்பிட்டாள்.
சட்டைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் காஜா எடுத்தவள்.
வண்டியை விடு, என்றாள்.
பக்கத்தில் நிற்கிறவன் மழைக்கோட்டைப் பார்.
பொத்தான் பெண்கள் பக்கம்.

பூதக்கண்ணாடியை நகர்த்தினேன்.
அவனுடையது. அவனுக்குப் பின்னால் நிற்பவனுடையது.
அந்தக் கடற்கரைக்கு அத்தனை ஆண்களும்
பெண்டாட்டி கோட்டைப் போட்டுக்கொண்டா வந்தார்கள்?

சவரக் கண்ணாடிக்கு முன் படத்தைப் பிடித்தேன்.
குழாய் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தது.
கடிகாரம் இடக்கைக்குப் போனது.
எட்டு மட்டும் அசையவில்லை.
எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டு,
ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

ரெட்பாத் ஸ்பெஷல்.
ஒமாருவில் ஒரு கொட்டகையில் இன்றும் நிற்கிறது.
போன கோடையில் அதன் வாலில் சாய்ந்து
சாண்ட்விச் தின்றேன்.
விட்டுப்போன ரிவெட் என் முழங்கைக்கடியில் இருந்திருக்கும்.

யாரோ நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சடித்த
ஓர் இருட்டறை நிமிடம்.
அதற்குத்தான் மூன்று வருடம்
எஞ்சின் பூட்டிக்கொண்டிருந்தோம்.

லிண்ட்சேயிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் கம்பியில் மழைச் சத்தம்தான்.
பிறகு, அப்போ அந்த ஆள், என்றான்.
எந்த ஆள்?
வடக்கே குடிபோன ஆள்.

அட்டையில் பெயர் எழுதினேன், வருடம் எழுதினேன்,
'தெரிந்தவை' பெட்டிக்குள் வைத்தேன்.
நானூறு கிலோ என்ற வரியை மட்டும் அடிக்கவில்லை.
ரெட்பாத் வண்டியை நாங்களே நிறுத்திருக்கிறோம்:
நானூற்று அறுபது.